எல்லாவற்றுக்கும் ‘வுய்’ சொன்ன அப்பா

அண்ணன் தரையில் மண்டியிட்டு, அப்பாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, பிரெஞ்சு மொழியில் கேட்டார்: “என்னோடு பிரான்சுக்கு வருகிறீர்களா?”

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். எதையோ தேடி எடுப்பதுபோல் உதடுகள் குவிந்தன, விரிந்தன, மறுபடியும் குவிந்தன. பிறகு, வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் மாணவனைப்போலத் தெளிவாகச் சொன்னார்: “வுய்.”

வுய் என்றால் ஆம். பிரெஞ்சு ராணுவத்தில் இளமையைக் கழித்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ஒரு மனிதரின் வாயில், அதைவிட ஐயத்துக்கு இடமில்லாத சொல் வேறென்ன இருக்க முடியும்?

அண்ணன் எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். தீர்ப்பு வாசிக்கப்பட்டுவிட்டது என்ற பார்வை அது. அடுப்படியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஓசை நின்றுபோனது.

சென்ற வாரம் இந்தத் தொடரை, கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப்போட்டியில் சுழற்கோப்பையை வென்று வீடு திரும்பிய கதையோடு நிறுத்தியிருந்தேன். அந்தக் கோப்பை எங்கள் கூடத்து அலமாரியில் ஏறிய அதே மழைக்காலத்தில்தான், அதே கூடத்தில் அப்பாவின் பேச்சு நின்றது.

சவரக் கத்தியும் ஒரு சொல்லும்

காலை நேரம். அப்பா கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். கத்தி கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. சோப்பு நுரை பாதி முகத்தில் அப்படியே இருக்க, அவர் எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். வலக்கையும் வலக்காலும் சோர்ந்தன. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கைத்தடி ஊன்றி நடக்கும் அளவுக்குத் தேறினார். வாய்மட்டும் திரும்பவில்லை.

மருத்துவர் அதற்கு அஃபேசியா என்று பெயர் சொன்னார். நாக்குக்குப் பழுதில்லை, காதுக்குப் பழுதில்லை, அறிவும் அப்படியே இருக்கிறது, மூளையில் சொற்களைக் கையாளும் இடம்தான் அடிபட்டிருக்கிறது என்று விளக்கினார். நன்றாகத் தெரிந்தவரைத் தெருவில் பார்க்கிறோம், பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, வெளியே வர மறுக்கிறது. அந்தத் தவிப்பு ஒரு பெயருக்கு மட்டுமின்றி எல்லாச் சொல்லுக்கும், நாள் முழுவதும் நேர்ந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள் என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஒற்றைச் சொல் வந்தது: வுய்.

வீடே மகிழ்ந்தது. தமிழ் போனாலும் பிரெஞ்சு தங்கிவிட்டது என்று உறவினர் பெருமைப்பட்டார்கள். பட்டாளத்து மொழி அல்லவா, எலும்பில் ஊறியிருக்கும் என்றார் ஒருவர். காப்பி வேண்டுமா, வுய். தலையணை வேண்டுமா, வுய். பிரெஞ்சு புழங்கிய எங்கள் புதுச்சேரியில் மட்டுமே நேரக்கூடிய பிழை அது. வேறு ஊராக இருந்தால், திரும்பத் திரும்ப ஒரே ஒலி வருகிறதே என்று யாராவது ஐயப்பட்டிருப்பார்கள். நாங்களோ அதை மொழி என்று எடுத்துக்கொண்டோம்.

பார்க்க வந்தவர்கள்

பேச்சிழந்தவரைப் பார்க்க வருவோர் மூன்று வகையினர் என்று அந்நாட்களில் கண்டுகொண்டேன். முதல் வகையினர் கத்துவார்கள், அப்பாவுக்குக் காது கேட்காது என்பதுபோல. இரண்டாம் வகையினர் கன்னத்தைத் தடவிக் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவார்கள். மூன்றாம் வகையினர் அவர் எதிரிலேயே அம்மாவிடம், “சாப்பிடுறாரா? ஆளுங்களத் தெரியுதா?” என்று விசாரிப்பார்கள், அவர் அங்கே இல்லை என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடல் எழுந்தபோது ஒரு வியப்பு நிகழ்ந்தது. தண்ணீர் என்று கேட்க முடியாத அப்பா, சிறு வயதில் கற்ற ஒரு மாதா பாட்டின் நான்கு அடியை, சொல்லும் இராகமும் பிசகாமல் கூடவே பாடினார். பக்கத்து வரிசை அத்தை அம்மாவின் காதருகில் குனிந்தார்.

“பாட்டு வருது, பேச்சு வரலியாமா? வேணும்னே அடம் புடிக்கிறாரு பாரு.”

அடமில்லை. பழகிய பாட்டு, செபம், வசவு, ஒன்று இரண்டு என்னும் எண்ணிக்கை ஆகியவை சிலருக்குத் தாமாகவே ஓடிவரும் என்றும், நினைத்துத் தேடி எடுக்க வேண்டிய சொல்தான் சிக்கிக்கொள்ளும் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மணி அடிக்காத மேடை

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேடையில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம், இடைவெளியை எதிரணிக்கு விட்டுக்கொடுக்காதே என்பது. மூச்சு வாங்கும் இடத்தைக்கூட வாக்கியத்தின் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்விதப் பயிற்சி பெற்றவள் வீட்டில் எப்படி இருந்திருப்பேன்? அப்பா உதட்டைக் குவித்தால் போதும், நான் எடுத்துக் கொடுப்பேன்: “தண்ணியா? மாத்திரையா? விசிறியா? சன்னலத் தொறக்கட்டுமா?”

“வுய், வுய், வுய்” என்பார் அப்பா. பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் போவோம். பயிற்சி கொடுத்த சுமதி என்னைவிடச் சில வயதே மூத்தவர். மேசை மேல் எப்போதும் ஒரு டப்பா நெல்லிக்காய் வைத்திருப்பார். முதல் நாளே என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நீங்க அவருக்கு முன்னாடி ஓடுறீங்க மேடம். கேட்டுட்டு கொஞ்சம் நில்லுங்க.”

தயக்கம் காட்டுபவன் தோற்பான் என்பதே நான் கற்றது என்றேன், சற்றுப் பெருமிதத்தோடு.

“இது மேடை இல்லியே. உங்கப்பா மணியடிச்சு உங்கள உக்கார வெக்கப் போறதில்ல.”

அவர் சொன்னவை எளிய செய்திகள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, சிறிய வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டும் பேச வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. தவறாகச் சொன்னால் திருத்தச் சொல்லி வதைக்கக் கூடாது. கை காட்டினாலும் படம் வரைந்தாலும் பொருளைத் தொட்டாலும் அதுவும் பேச்சுதான் என்று ஏற்க வேண்டும். புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டக் கூடாது. காத்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கடினமாயிருந்தது. ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் மூச்சுவிடாமல் அடுக்கத் தெரிந்த எனக்கு, வாய்மூடி ஒரு நிமிடம் உட்காரத் தெரியவில்லை.

எதிரணி விமானத்தில் வந்தது

அண்ணன் பாரிசுக்கு வெளியே ஒரு சிற்றூரில் வேலையில் இருந்தார். என்னைவிடப் பல வயது மூத்தவர். அப்பா ராணுவத்தில் இருந்த காலத்தில் பிறந்தவர். விடுப்பெடுத்து வந்த அவரிடம் முடிவான திட்டம் ஒன்று இருந்தது. அவர் ஊரில் பக்கவாதம் வந்தோரைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் நல்ல இல்லம் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள அப்பாவுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது. அவருக்கு விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. இந்தியக் குடியுரிமையிலேயே இருந்துவிட்ட அம்மாவின் விசாத் தாள்கள் தயாரானதும் அம்மா பின்னால் வரலாம்.

நேர்மையாகச் சொன்னால், அண்ணனிடம் கெட்ட எண்ணம் துளியுமில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாயிருந்தது. கெட்ட எதிரணியை வெல்வது எளிது.

அவருடைய கேள்விக்கு அப்பா ‘வுய்’ சொன்னதும் நான் எழுந்தேன். எங்கள் குருசுக்குப்பத்துக் கடற்காற்றையும் மாதா கோயில் மணியையும் விட்டு அப்பா எப்படி வாழ்வார் என்று தொடங்கி, பிறந்த மண், பேசும் மொழி, துணைவியின் கை உணவு என்று ஒவ்வொரு படியாக ஏறினேன். அந்தப் பேச்சில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. நடுவர் இருந்திருந்தால் எழுந்து கைதட்டியிருப்பார்.

அண்ணன் சிரித்தார். “நல்லா பேசுற பாப்பா. ஆனா அப்பா என்னா சொன்னாருன்னு நீயும்தான் கேட்ட.”

எதைக் கேட்டாலும் அந்த ஒரே ஒலிதான் வரும் என்று சுமதி சொல்லியிருந்தார். அப்போதுதான் அந்த ஆயுதத்தை எடுத்தேன். அப்பாவின் முன் உட்கார்ந்து, “அப்பா, உங்க பேரு பெரியசாமியா?” என்று கேட்டேன். அப்பாவின் பெயர் லூர்து.

“வுய்” என்றார் அப்பா. சொன்ன உடனேயே அவர் முகம் சுருங்கியது.

“பாத்தியா அண்ணா? அந்த வுய்க்கு அர்த்தமே கெடையாது.”

அண்ணனின் சிரிப்பு மறைந்தது. தாழ்ந்த குரலில் சொன்னார்: “அப்படின்னா அவருக்கு ஒண்ணுமே புரியல. அவர கேட்டு ஆவப்போறது எதுவும் இல்ல. நாமதான் முடிவு பண்ணணும். நான் கூட்டிக்கினு போறேன்.”

என் வாதத்தை வாங்கி எனக்கே திருப்பி எறிந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஆம் என்பவர் எல்லாவற்றுக்கும் உடன்படுகிறார் என்பது ஒரு கட்சி, அவருக்கு எதுவுமே விளங்கவில்லை என்பது மறு கட்சி. இரண்டுமே அப்பாவை விமானத்தில்தான் ஏற்றின.

அப்பா இடக்கையை உயர்த்தினார். அண்ணனைத்தான் தடுக்கிறார் என்று நினைத்தேன். அந்த உள்ளங்கை எங்கள் இருவர் பக்கமும் திரும்பிவிட்டு இறங்கியது. கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய், கடல் பக்கம் பார்த்து நின்றார். பயணத்துக்கு ஒரு வாரமே இருந்தது.

எந்த உருண்டை கிட்டே?

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன விளையாட்டுகளில் பெத்தாங் இன்னும் உயிரோடு இருக்கிறது. மணல் தரையில் சின்ன மர உருண்டை ஒன்றை உருட்டிவிட்டு, கனத்த இரும்பு உருண்டைகளை அதனருகே எறிய வேண்டும். யாருடையது மிக அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. மாலையானால் ஓய்வூதியக்காரர்களும் கடைக்காரர்களும் ஒன்றாக நிற்கும் திடல் ஒன்று எங்கள் வீட்டருகே உண்டு. அப்பா அங்கே பல ஆண்டுகளாக ஆடினார். எது அருகில் என்று தகராறு வந்தால் அவர் கண்ணைத்தான் எல்லோரும் நம்புவார்கள்.

நண்பர்களிடம் விடைபெற அண்ணன் அவரை அங்கே அழைத்துச் சென்றார். நானும் உடன் போனேன். அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். பெட்டிக்கடை காதர் பாயும், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கும் சூசையும் எதிரெதிராக ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு உருண்டைகள் ஏறக்குறைய ஒரே தொலைவில் நின்றன. வழக்கமான சண்டை தொடங்கியது.

“சொல்தா, நீ சொல்லு” என்று காதர் பாய் அப்பாவிடம் வந்தார். பட்டாளத்துக்காரர் என்பதால் திடலில் அப்பாவுக்கு அதுதான் பெயர். “என்னுதுதான கிட்ட இருக்கு?”

“வுய்.”

சூசை விடுவாரா? “அது எப்படி சொல்தா? என்னுது இல்லியா?”

“வுய்.”

திடல் சிரித்தது. “பிரான்சுக்குப் போற ஆளு, போறதுக்குள்ள ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டுட்டாரு” என்றார் சூசை. அதில் கேலிதான் இருந்தது, வஞ்சம் இல்லை.

அப்பா சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்தார். தாங்கப் போன அண்ணனின் கையைத் தள்ளினார். மணலில் காலை இழுத்துக்கொண்டு நடந்து, உருண்டைகளின் மேல் குனிந்து, முதலில் இந்தப் பக்கமும் பிறகு அந்தப் பக்கமும் நின்று பார்த்தார். திடல் மெல்ல அடங்கியது. கைத்தடியின் நுனி சூசையின் உருண்டையில் இரண்டு முறை தட்டியது.

காதர் பாய் நாடாவை நீட்டி அளந்தார். இரண்டுக்கும் இடையே ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் சூசையுடையதுதான் அருகில் இருந்தது.

“கண்ணு போவல” என்றார் காதர் பாய். புள்ளியை இழந்தவர் சொல்லும் தொனியாக அது இல்லை.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் அந்தக் கைத்தடியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியில், அப்பா முன்னே நடக்க, அவர் மெதுவாகக் கேட்டார்: “வாய் ஒண்ணு சொல்லுது. கை வேற சொல்லுது. எத நம்புறது பாப்பா?”

விடை தெரியாத கேள்விக்கும் விடை சொல்லப் பயின்றவள் நான். அன்று, “சுமதி மேடத்தக் கேக்கலாம்ணா” என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது அட்டை

சுமதி மறுநாளே வீட்டுக்கு வந்தார். தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். அப்பாவின் இடக்கைக்கு எட்டும்படி மேசையை நகர்த்தினார். முதலில், விடை எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கேள்விகளையே கேட்டார். இரண்டிரண்டு அட்டைகளை வைத்து, உங்கள் பெயர் எது, நீங்கள் இருக்கும் ஊர் எது, மகன் யார், மகள் யார் என்று வினவினார். வாய் எல்லாவற்றுக்கும் வுய் என்றது. விரல் ஒன்றில்கூடத் தவறவில்லை. அட்டைகளை இடம் மாற்றி வைத்தபோதும் தவறவில்லை. அண்ணன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சுமதி பெரிய எழுத்தில் ‘பிரான்சு’ என்று ஓர் அட்டையும் ‘புதுச்சேரி’ என்று ஓர் அட்டையும் எழுதினார். எழுத்துக்குக் கீழே ஒன்றில் விமானத்தையும் மற்றொன்றில் எங்கள் கடற்கரைக் கலங்கரை விளக்கத்தையும் வரைந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அணிகள் தயார் என்று நினைத்தேன். அவரோ மூன்றாவதாக ஓர் அட்டையை எடுத்து ‘வேற’ என்று எழுதி அருகில் வைத்தார்.

எதற்கு அது என்று கேட்டேன். தலைப்பு என்றால் இரண்டு பக்கம்தானே?

“ரெண்டு மட்டும் வெச்சா, அவரு நம்ம கேள்விக்குள்ளயே நிக்கணும்” என்றார்.

கேள்வி கேட்கப்பட்டது. நாங்கள் காத்திருந்தோம். மின்விசிறி சுழன்றது. அப்பா விமானத்தைப் பார்த்தார், கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார். அண்ணனின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. என் நாக்கு பல்லுக்குப் பின்னால் துடித்தது. அப்பாவின் விரல் இரண்டு அட்டைகளையும் தாண்டி, மூன்றாவதன் மேல் நின்றது.

வேற.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். சுமதி எங்களைப் பார்க்காமலே கையை உயர்த்தினார். மூடிக்கொண்டோம்.

அப்பா அலமாரியைக் காட்டினார். அண்ணன் ஓடிப்போய் என் சுழற்கோப்பையைத் தூக்கிவந்தார். அப்பாவின் முகத்தில் தோன்றிய சலிப்பை நான் விவரிக்க விரும்பவில்லை. அடுத்து மாதா சுரூபம் வந்தது. அதுவும் இல்லை. கடைசியில், கோப்பைக்குப் பின்னால் மறைந்திருந்த சிறிய சட்டம் வந்தது. அதில் அம்மாவின் படம், என்றோ ஸ்டூடியோவில் எடுத்தது.

அப்பா அந்தப் படத்தை வாங்கி, ‘பிரான்சு’ அட்டையின் மேல் வைத்தார். எங்களைப் பார்த்தார். பிறகு படத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த அட்டையை மேசையின் விளிம்புவரை தள்ளினார். அது கீழே விழுந்தது.

சுமதி அதை எடுத்து மறுபடி வைத்தார். “நீங்க மொதல்ல போறீங்க. அம்மா அப்புறமா வராங்க. சரியா சார்?”

“வுய்” என்றது வாய். கை அட்டையைத் தள்ளியது.

“ரெண்டு பேரும் சேந்து போறீங்க.”

கை, படத்தை அட்டையின் மேல் வைத்து, அதன் மேல் தன்னையும் வைத்துக்கொண்டது. எடுக்கவில்லை.

வேறு வரிசையில், வேறு சொற்களில், சுமதி மறுபடியும் கேட்டார். விடை மாறவில்லை. பயிற்சிக்கு அப்பா போகத் தயார். ஊரை விட்டு அசையமாட்டார் என்று நான் முழங்கியது பொய்த்தது. வுய் சொன்னார், ஆகவே வருவார் என்று அண்ணன் கொண்டதும் பொய்த்தது. அம்மா இல்லாமல் போகமாட்டார், அவ்வளவுதான் செய்தி. அதை எங்கள் இரு கட்சியிலும் யாரும் பேசவில்லை.

தோற்ற பிறகு நெஞ்சு இவ்வளவு இலேசாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இனி அப்பாவுக்காக நான் பேச வேண்டியதில்லை.

“அம்மாவோட பேப்பர் வர மாசக்கணக்குல ஆவும்ப்பா” என்றார் அண்ணன். அப்பாவின் கை அசையவில்லை. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையசைத்தார். “சரி. டிக்கட்ட மாத்திடுறேன். ரெண்டு பேருக்குமா சேத்து எடுக்கலாம். அதுவரிக்கும் இங்கியே சுமதி மேடம்கிட்ட பயிற்சி எடுங்க.”

அப்போது அப்பா நாற்காலியில் திரும்பினார். அடுப்படி வாசற்படியில் அம்மா நின்றிருந்தார். அப்பா படத்தைத் தூக்கி அவருக்குக் காட்டி, அட்டையில் வைத்து, இடது உள்ளங்கையை அவரை நோக்கி விரித்தார். கேள்வி கேட்பதற்கு அதைவிடத் தெளிவான வழி எந்த மொழியிலும் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. வாய் நிறையப் பேச்சுள்ள அம்மாவிடம், போகிறாயா என்று அத்தனை நாளில் அண்ணனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சிழந்த மனிதர்தான் கேட்டார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவருக்கும் நேரம் வேண்டும் என்பதுபோலச் சுமதி எங்களைப் பார்த்தார்.

“அங்க குளுருமாமே” என்றார் அம்மா கடைசியில். “எங்கிட்ட ஒரு ஸ்வெட்டர்கூட இல்லியே.”

அண்ணன் முகத்தைக் கைகளில் புதைத்துச் சிரித்தார். அப்பா மெல்லப் பின்னால் சரிந்து, நாற்காலியின் முதுகில் சாய்ந்தார். நோய் வந்த நாளிலிருந்து அவர் எதிலும் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.